கூலி நாளோடு முடிந்த வைத்தியம்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக் குணமான ஒரு பெண்ணுக்கு, ஆறு மாதம் கழித்தோ ஆறு வருடம் கழித்தோ மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கலாம். சிறுநீர் சிவக்கலாம். புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அவரும் வீட்டாரும் நடுங்கிப்போவார்கள். பல சமயம் அது திரும்பியிருக்காது. புற்றை அழித்த அதே கதிர், பக்கத்திலிருந்த மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் மெல்லப் பழுதாக்கியிருக்கும். பல நாடுகளில் இந்தப் பழுதுக்கு அழுத்த ஒட்சிசன் சிகிச்சை கொடுக்கிறார்கள். பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலோ, சிகிச்சை இருக்கட்டும், பழுதைத் தேடிப் பார்ப்பதே யாருடைய பொறுப்பிலும் வைக்கப்படவில்லை. பணம் இல்லை, தூரம் அதிகம் என்று காரணம் சொல்லி நகர்ந்துவிடலாம். அவை உண்மையான காரணங்கள்தான், ஆனால் முதற்காரணம் அவையல்ல. தோட்ட வைத்தியம் தொடக்கத்திலிருந்தே ஆளை மறுபடி வேலைக்கு அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. வேலைக்குத் திரும்பிய பிறகு தொடங்கும் நோய்க்கு அந்தக் கட்டடத்தில் அறையே போடப்படவில்லை. ஊவாத் தோட்டங்களின் நூற்றைம்பது வருட வைத்திய வரலாறு இதைத்தான் காட்டுகிறது என்பது என் வாதம்.

முதலில் பழுது என்னவென்று பார்த்துவிடுவோம். கதிர்வீச்சு நடக்கும்போதே வருகிற வயிற்றோட்டமும் களைப்பும் சில வாரங்களில் அடங்கிவிடும். பிந்தி வருவது வேறு வகை. சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவர் தடித்து, வழி குறுகி, திசுவுக்கு இரத்தமும் ஒட்சிசனும் போதாமல் போகின்றன. நெகிழ்வாக இருந்த திசு நாராக இறுகுகிறது. மலக்குடலின் உட்பரப்பில் மெல்லிய குழாய்கள் புடைத்து, உரசினாலே கசிகின்றன. மருத்துவ உலகத்துக்கு இது புதிய செய்தி அல்ல. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு வருடம் ஆவதற்குள், 1897இல், டேவிட் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் அந்தக் கதிர் உள்ளே ஆழத்தில் இருக்கும் திசுக்களையும் தாக்குகிறது என்று பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1903இலிருந்து கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு ரேடியம் பயன்பட்டது. இன்றும் நோய் சற்று முற்றிய கட்டத்தில் கதிர்வீச்சுக்கு ஈடான மாற்று இல்லை. வழக்கமாக ஐந்து வாரங்களில் இருபத்தைந்து தடவை வெளியிலிருந்து கதிர் பாய்ச்சி, பிறகு உள்ளே கருவி வைத்தும் கொடுக்கிறார்கள். அதனால் உயிர் பிழைத்த பெண்கள் ஏராளம். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் பிந்திய பழுதோடு வாழ்கிறார்கள் என்பதையும் அதே மருத்துவம் தொடக்க காலத்திலேயே அறிந்திருந்தது.

இந்தப் பழுது தேயிலை மலையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஆள் பதியும் பிரட்டுக்குப் போய், கூடையோடு மலை ஏறியாகிவிட்டது. பக்கத்தில் கழிவறை கிடையாது. நினைத்த நொடியில் வயிறு முடுக்கும், அடக்க முடியாது, ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை. நிரையை விட்டு இறங்கி மறைவு தேடிப் போய் வந்தால், கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறையும். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான். ஆகவே அந்தப் பெண் காலையில் சாப்பிடுவதை விட்டுவிடுவார், தண்ணீர் குடிப்பதையும் குறைப்பார். இரத்தம் போய்ப்போய்ச் சோகை முற்றும். தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனால் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும். மூலமாக இருக்கும் என்ற பேச்சும் வரும். பல வருடத்துக்கு முன்பு மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் கரண்ட் பிடித்ததற்கும், அதாவது கதிர்வீச்சு எடுத்ததற்கும், இன்றைய இரத்தத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கேட்க அங்கே ஒரு படிவம் இல்லை. கேட்காத இடத்தில் அவராகச் சொல்லவும் மாட்டார். உடம்பின் அந்தப் பகுதியைப் பற்றி ஆண் உத்தியோகத்தரிடம் வாய் திறப்பது தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த பெண்ணுக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி 1872க்குப் போவோம். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிலிருந்து, நோயில் விழுந்து வேலைக்கு உதவாமல் போன தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வந்த வழியே தமிழகத்துக்கு நடந்து திரும்பும்போது தெருவோரங்களில் அவர்கள் இறந்து கிடந்தது அரசுக்கே தலைகுனிவானது. அந்தச் சூழலில்தான் 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மாவட்ட வைத்திய அதிகாரிகளும் வைத்தியசாலைகளும் வந்தன. செலவைத் தோட்டத் துரைமார் ஏற்க வேண்டும் என்றது சட்டம். அவர்கள் ஓயாமல் முரண்டு பிடித்தார்கள். 1880களில் அந்தச் சுமையின் பெரும்பகுதி ஏற்றுமதித் தீர்வைக்கு மாற்றப்பட்டது. கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: கோப்பியும் தேயிலையும் கப்பலேறும் அளவுக்கு ஏற்ப வைத்தியத்துக்குப் பணம் வந்தது. நோயாளி, உற்பத்திக் கணக்கின் ஓர் உறுப்பாகவே சட்டத்துக்குள் நுழைந்தார். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்த பிறகும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

1912இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோது தோட்ட அதிகாரியின் கடமைகள் ஒவ்வொன்றாக எழுத்தில் வந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்று அறிந்து உடனடி நிவாரணத்துக்கு ஆவன செய்ய வேண்டும். கடும் நோயை மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் தர வேண்டும். அந்தக் காலத்துக்கு இது சிறிய விஷயம் இல்லை. சிங்களக் கிராமத்தில் அப்போது இப்படி எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது, தோட்டம்தான் முந்திக்கொண்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரி. அதை மறைத்து வரலாறு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அந்தப் பட்டியலையே இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். அதில் உள்ள நோய் எல்லாம் இன்று வந்து இன்று தெரிகிற நோய். பின்கவனிப்பு என்று ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் கிடைத்தது, பிரசவத்துக்கு. ஒரு மாதம் கழிந்தால் தாய் மலைக்குத் திரும்புவார், பிள்ளை நாளைய தொழிலாளி. மனித நேயம் அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எந்த எல்லையில் நின்றது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

இந்த எல்லைக்கு இன்னும் தெளிவான சான்று கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம். அமெரிக்க ராக்ஃபெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கி, பிறகு மற்றப் பகுதிகளுக்கும் இந்த வேலையை விரித்தது. தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, பரிசோதித்து, மருந்து கொடுத்து, எண்ணிக்கை எழுதினார்கள். புழு விழுந்தது, இரத்தம் ஏறியது, வேலைத்திறன் கூடியது. துரைமாருக்கு மகிழ்ச்சி. ஆனால் மலத்தால் மண்ணுக்கும், மண்ணால் வெறுங்காலுக்கும் பரவுகிற புழு அது. லயங்களுக்குக் கழிவறை கட்டினால்தான் நிற்கும். கழிவறை கட்டுகிற செலவுக்குப் பல தோட்டங்கள் இசையவில்லை. மருந்து குடித்தவர்களுக்கே மறுபடி புழு வந்தது. மருந்து கொடுத்த நாள் பதிவேட்டில் இருந்தது, அடுத்த வருடத்து உடம்பு பதிவேட்டில் இல்லை. கழிவறை இல்லாத மலையில் இரத்தப்போக்கோடு கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அன்றைய புழு நோயாளியையும் நான் ஒரே வரிசையில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இருவருக்கும் சிகிச்சை ஒழுங்காகவே நடந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர்கள் எந்த வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.

ஊவாவுக்கு இதற்கு மேல் தூரம் என்ற சுமையும் இருந்தது. 1886இல்தான் ஊவா தனி மாகாணமானது. நானுஓயாவுக்கு 1885இல் வந்த ரயில் ஹப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்து, பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்குவதற்காகப் போட்ட பாதை அது. நோயாளியும் அதே பாதையில் இறங்கினார். 1950களில் மகரகமவில் புற்றுநோய் வைத்தியசாலை இயங்கத் தொடங்கிய பின், மடுல்சீமையிலோ நமுனுகுலவிலோ இருந்த ஒரு பெண் வாரக்கணக்கில் கதிர்வீச்சு எடுக்க வேண்டுமானால் நாட்டின் மறுமுனைக்குப் போய், மொழி தெரியாத ஊரில் தங்க வேண்டியிருந்தது. அதே காலத்தில்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி முழுதாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிராமத்துக்கு வீடு வீடாகப் போன அரசின் குடும்பநல உத்தியோகத்தர், தோட்ட எல்லையில் நின்றுவிட்ட பல பத்தாண்டுகள் இவை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1990களில் தொடங்கி இன்னும் முழுமையாக முடியவில்லை. பாதி தோட்டத்தின் பொறுப்பு, பாதி அரசின் பொறுப்பு என்ற இந்த இரட்டை நிலையில், பல வருடம் கழித்து வரும் நோய் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

அழுத்த ஒட்சிசன் அறையின் பிறப்பும் தொழிலாளர் வரலாறுதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றின் அடியில் பாலத்துக்கு அடித்தளம் தோண்டியவர்கள், உயர் அழுத்தக் காற்றில் வேலை செய்துவிட்டு மேலே வந்ததும் மூட்டுவலியாலும் வாதத்தாலும் விழுந்தார்கள், செத்தார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் 1878இல் வெளியிட்ட நூலில் அதன் காரணத்தை விளக்கினார். நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் பொறியியலாளர் ஏர்னஸ்ட் மொயர், 1890ஐ ஒட்டிய வருடங்களில், வேலைத்தலத்திலேயே ஓர் அழுத்த அறை வைத்து அந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். ஆக, இதுவும் ஆளை வேலைக்குத் திருப்பும் ஏற்பாடாகத்தான் தொடங்கியது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 1955இல் லண்டன் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் மருத்துவர் சர்ச்சில்-டேவிட்சன், புற்றுநோயாளியை அழுத்த அறைக்குள் வைத்தே கதிர் பாய்ச்சினார். ஒட்சிசன் மிகுந்த புற்றுத் திசு கதிருக்கு எளிதில் சாகும் என்பது கணக்கு. நெதர்லாந்து மருத்துவர் புரேமா 1960இல், சிவப்பணு அநேகமாக நீக்கப்பட்ட பன்றிகளை அழுத்த ஒட்சிசனில் உயிரோடு வைத்துக் காட்டினார். 1983இல் அமெரிக்கரான ரொபர்ட் மார்க்ஸ், கதிரால் தாடை எலும்பு இற்றுப்போவதற்கு ஒட்சிசன், உயிரணு, இரத்தக் குழாய் மூன்றும் குறைவதே காரணம் என்று விளக்கியபோது பார்வை தலைகீழாக மாறியது. கதிரோடு சேர்ந்து புற்றைத் தாக்கக் கொண்டுவந்த ஒட்சிசன், கதிர் விட்டுச்சென்ற பழுதை ஆற்றும் மருந்தானது. இன்று இடுப்புப் பகுதிப் பழுதுக்குக் கொடுக்கும் முறை இது: நோயாளி மூடிய அறையில் இருந்து, முகமூடி வழியாகத் தூய ஒட்சிசனைச் சுமார் ஒன்றரை மணி நேரம் சுவாசிப்பார். அழுத்தம் கடலில் பத்து முதல் பதினான்கு மீற்றர் ஆழத்துக்குச் சமம். காது அடைக்கும், எச்சில் விழுங்கித் திறக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது அல்லது நாற்பது தடவை. இரத்தத் திரவத்திலேயே கரைந்து போகும் ஒட்சிசன், வறண்ட திசுவில் புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது, அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். சான்று ஒரே முகமாக இல்லை. 2008இல் கிளார்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மலக்குடல் பழுதுள்ள 120 பேரில் அழுத்த ஒட்சிசன் பெற்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் அளவில் முன்னேற்றம் தெரிந்தது, போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 63 பேர் அளவில். 2016இல் வெளியான, பிரித்தானியாவில் 84 பேரிடம் நடந்த ஆய்வு, குடல் பழுதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2019இல் வெளியான, நோர்டிக் நாடுகளில் 79 பேரிடம் நடந்த ஆய்வு, சிறுநீர்ப்பைப் பழுதுக்கு இது தெளிவாக உதவுகிறது என்றது. ஆகவே சிறுநீர்ப்பை விஷயத்தில் நம்பிக்கை வலுவாகவும் மலக்குடல் விஷயத்தில் ஐயத்தோடும் இருக்கிறது என்பதே என் தீர்ப்பு. இதை அற்புத மருந்தாக விற்பவர்களைக் கண்டால் ஒதுங்கிப்போக வேண்டும். ஆனால் இந்த மூன்று ஆய்வுகளும் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டும் வேறொன்று இருக்கிறது. பிந்திய பழுதுள்ளவர்களைத் தேடி, பெயர் எழுதி, வேதனையை அளந்து, மாதக்கணக்கில் பின்தொடர ஒரு சமூகத்தால் முடியும். அந்தப் பட்டியல் இருந்ததால்தான் ஆய்வே நடந்தது. ஊவாத் தோட்டங்களில் அத்தகைய பட்டியல் இல்லை.

அடுத்த ஆட்சேபம் செலவு. திருகோணமலையில் கடற்படையிடம் உள்ள அழுத்த அறை, சங்கும் கடலட்டையும் எடுக்கப் போய் முடங்கும் சுழியோடிகளுக்கே அவசியமானது. மலையில் இன்னொன்று கட்டுவது வீண் ஆடம்பரம் என்பார்கள். பதுளையில் நாளைக்கே அறை கட்ட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அறை இருந்தாலும் தோட்டத்துப் பெண் அதில் உட்கார முடியாத நிலை இருக்கிறது. நாற்பது தடவை என்றால் நாற்பது வேலை நாள். 2021இல் நிர்ணயமான ஆயிரம் ரூபாய் நாட்கூலியை வைத்துப் பார்த்தாலே நாற்பதாயிரம் ரூபாய் போகும். துணைக்கு ஒருவர் வந்தால் எண்பதாயிரம். பஸ் காசு தனி. அதோடு, மலிவான வழிகள் இருப்பதையும் மறக்கக் கூடாது. சண்டிகர் பட்ட மேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் கொச்சார் குழுவினர் 1991இலேயே, வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் மருந்தைக் கரைத்து மலவாய் வழியாகச் செலுத்தினால் கதிர்வீச்சு மலக்குடல் பழுது நன்றாகத் தணிகிறது என்று 37 நோயாளிகளிடம் நிறுவினார்கள். ஒரு பொது வைத்தியசாலையில் செய்யக்கூடியது அது. இரத்தம் கசியும் இடத்தில் நீர்த்த ஃபார்மலின் வைத்துக் கட்டுப்படுத்தும் முறையும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இவையே போதும், போதாத சிலருக்குத்தான் அழுத்த ஒட்சிசன். ஆனால் மலிவான மருந்துக்கும் விலையுயர்ந்த அறைக்கும் வாசல் ஒன்றுதான்: இது கதிர்வீச்சின் பழுது என்று யாராவது முதலில் இனங்காண வேண்டும்.

வருமுன் காப்பதில் பணத்தைப் போடுங்கள், வந்த பின் பழுது பார்ப்பதில் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இலங்கையில் 1996இல் வெல் வுமன் கிளினிக் தொடங்கி, 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை நடக்கிறது. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் புற்றுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். இவை தோட்டப் பாடசாலைகளுக்கும் லயங்களுக்கும் குறைவில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 2017இல் ஊசி போட்டுக்கொண்ட பத்து வயதுச் சிறுமி 35 வயதை எட்டும்போது 2042 ஆகியிருக்கும். அவளுடைய தாய்க்கும் பெரியம்மாவுக்கும் பாட்டிக்கும் அந்த ஊசி கிடைக்கவில்லை. இன்னும் ஒரு தலைமுறைக்காவது கதிர்வீச்சு வேண்டும், கதிர்வீச்சு இருக்கும்வரை பிந்திய பழுதும் இருக்கும். எண்ணிக்கை குறைவுதானே என்று சொல்வதும் பொருந்தாது. எண்ணாமல் விட்ட ஒன்றைக் குறைவு என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.

இன்று பதுளை போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. மகரகமவே கதி என்றிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். அடுத்துச் செய்ய வேண்டியதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. கதிர்வீச்சு முடிந்து அனுப்பும்போது, எந்த உறுப்புக்கு, எத்தனை தடவை, எந்தத் தேதியில் முடிந்தது என்பதையும், இரத்தம் போனாலோ சிறுநீர் சிவந்தாலோ எங்கே வர வேண்டும் என்பதையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் அந்தப் பெயர்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, வருடத்துக்கு இரண்டு தடவையாவது, பெண் உத்தியோகத்தர் வழியாக, நேரடியாகக் கேட்க வேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்குத் தோட்டம் முழுப் பேர் போட வேண்டும். பறிக்கும் மலைக்குப் பக்கத்தில் கழிவறை வேண்டும். கொக்கிப்புழு காலத்திலேயே கட்டியிருக்க வேண்டிய கழிவறை அது. சிறுநீர்ப்பைப் பழுது மற்ற மருந்துக்கு அடங்காதவர்களை அழுத்த ஒட்சிசன் உள்ள இடத்துக்கு அனுப்பும் வழியையும் செலவையும் சுகாதார அமைச்சு எழுத்தில் வரையறுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கூலியோடு இதையும் மேசையில் வைக்கட்டும். உங்கள் வீட்டிலோ லயத்திலோ கதிர்வீச்சு எடுத்த பெண் ஒருவர் இருந்தால், அது எத்தனை வருடத்துக்கு முந்தியதானாலும், இரத்தம் போவதை மூலம் என்று விட்டுவிடாமல் பழைய கிளினிக் கொப்பியோடு அவரைப் பதுளைக்குக் கூட்டிப்போங்கள்.